பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல்

போன வருடம் ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பண்டாரவளையை நோக்கி நடந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு சாரம், அக்காள் சுட்டுக் கொடுத்த ரொட்டி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காள் லயத்து வாசலில் நின்று அழுவாள், அவள் புருஷன் பக்கத்தில் நின்று நிம்மதியாக மூச்சு விடுவார். இரண்டையும் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இந்தத் தடவை அங்கே பத்து நாள் இருந்தேன். அதற்கு முன் வெலிமடையில் லீக்ஸ் போடும் காய்கறித் தோட்டத்தில். லீக்ஸ் கட்டுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், எங்களை மழையில் நிற்கவைத்தார்கள். கிளம்பிவிட்டேன். அதற்கும் முன் பதுளையில் பேக்கரி, கொழும்பில் இரும்புக்கடை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் சாதாரணம். ஓர் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

சட்டைப் பையில் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்னஞ்சல் விலாசம். ஐந்தாம் வீட்டுக்காரர் ஒருவர் கத்தாருக்குப் போக விண்ணப்பம் போட்டபோது உண்டாக்கியது. அவர் போய்விட்டார், விலாசம் நின்றுவிட்டது. பிறகு யார் எந்தப் படிவம் நிரப்பினாலும் அந்த விலாசத்தையே எழுதினார்கள். முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் கடிதம் முழுவதும் ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்கள் கூடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அதே பழக்கம்தான் இதுவும். கடவுச்சொல் ஐந்தாம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதியிருக்கும். யார் டவுனுக்குப் போகிறார்களோ அவர், போனும் கணினியும் வாடகைக்குக் கிடைக்கும் கொமினிகேஷன் கடையில் அதைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று வாசலில் நின்று சத்தம் போட வேண்டும். பல பேர் பார்க்காமலே வந்து, ஒன்றும் இல்லை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்று என்னிடம் தாளைக் கொடுத்தது அக்காளின் பக்கத்து வீட்டுப் பெண். கொழுந்து பறிக்கிறவள். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு வந்து படித்து, பிள்ளைக் காம்பராவில் வேலை செய்வதற்கான பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. நேர்முகம் முடிந்துவிட்டது. “தெரிவானவர்களுக்கு மெயில் வரும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ளே பதில் போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமைதான் இது. அவளால் வேலையை விட்டு வர முடியாது. அவளுடையதும் என்னுடையதும் பட்டன் போன். தாளில் பெயர், அடையாள அட்டை எண், அந்த ஆபீசின் தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருந்தாள்.

“அண்ணே, மறந்துராதீங்க. மத்தியானம் மாடசாமி பாறைக்கு வந்து போன் பண்றேன்” என்றாள். அந்தப் பாறையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

“கொழும்புல கம்ப்யூட்டர்ல பில் அடிச்சவன் நான். என்கிட்டயா சொல்ற?” என்றேன். இந்தப் பேச்சு பின்னால் எனக்கு நன்றாக உறைத்தது.

வழியில் ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டதால் பதினொன்றரைக்கே பண்டாரவளைக்கு வந்துவிட்டேன். எங்கள் லயத்து ஆட்கள் வழக்கமாகப் போகும் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எங்களுக்கும் அவர் நானாதான். போட்டோக் கொப்பி எடுக்க ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மூலையில் இருந்த கணினியைக் கையால் காட்டிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

உட்கார்ந்து இரண்டு எழுத்து அடித்ததும் விலாசம் தானாக வந்தது. கடவுச்சொல்லும் தானாக விழுந்தது. யாரோ ஒருவர் ‘ஞாபகம் வைத்துக்கொள்’ என்பதை அழுத்தியிருக்கிறார். நல்ல வசதி என்று நினைத்தேன்.

மேலே சிவப்பில் ஒரு வரி. ஆங்கிலத்தில் இடம் நிரம்பிவிட்டது என்பதுபோல் இருந்தது. கீழே பார்த்தால் குவியல். விமான டிக்கெட், வங்கிக் கடன், நகை விளம்பரம், யாரோ யாருடைய படத்தையோ விரும்பினார்கள் என்ற செய்தி. எனக்கு ஓர் எண்ணம் வந்தது. இத்தனை வருடமாக யாரும் கூட்டாத வீடு, நாமாவது கூட்டிவிட்டுப் போவோம். மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் தொட்டால் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஐம்பதுக்கும் சரி அடையாளம் விழும். குப்பைக் கூடைப் படத்தை அழுத்தினால் ஐம்பதும் போகும். அழுத்தினேன். போயின. அந்தச் சுகம் பேக்கரியில் தட்டுக் கழுவும்போதுகூட வந்ததில்லை. பன்னிரண்டு தடவை அழுத்தினேன். வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அவளுடைய கடிதத்தைத் தேடினேன். இல்லை.

சரியாக ஒரு மணிக்கு போன் அடித்தது.

“அண்ணே, வந்திருக்கா?”

“காணோமே தங்கச்சி. இன்னும் அனுப்பியிருக்க மாட்டாங்க.”

“இல்லண்ணே, கூடப் போன பிள்ளைக்கு திங்கட்கிழமையே வந்திருச்சாம். எனக்கும் அனுப்பிட்டோம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. நல்லாப் பாருங்கண்ணே.”

அறுநூறு மடல்களை ஒன்றைக்கூடப் படிக்காமல் வீசியிருக்கிறேன். அதில் அவளுடையதும் போயிருக்கும். பாறையில் நிற்பவளிடம் இதை எப்படிச் சொல்வது? மூன்று மணிக்கு மறுபடி பாறைக்கு வரச் சொல்லிவிட்டு வைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். பழக்க தோஷம்.

போகவில்லை. நானாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் போட்டோக் கொப்பியை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

“படிக்காமலா அழிச்சீங்க?”

“வீடு நெறஞ்சிருந்துச்சு நானா. கூட்டிவிட்டேன்.”

“குப்பையைக் கூட்டி உள்மூலையிலயே வச்சா வீடு காலியாகுமா? எல்லாம் இங்கதான் கிடக்கு. ஒரு மாசத்துக்கு இருக்கும், அதுக்கப்புறம்தான் தானாப் போகும்.” இடது பக்கத்தில் கீழே இழுத்துக் குப்பைக்கூடையைத் திறந்து காட்டினார். அறுநூறும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. “முதல்ல மேல இருக்கிற தேடுற பெட்டியில ஆபீஸ் பேரைப் போடுங்க. குப்பையில இருக்கிறது அதுல சும்மா தேடினா வராது, குப்பைக்குள்ள நின்னுதான் தேடணும். வேண்டாத மெயில் போற பெட்டி ஒண்ணு தனியா இருக்கு, அதையும் பாருங்க.”

பார்த்தேன். எதிலும் இல்லை. ஆபீசின் பெயரை நான்தான் பிழையாக அடித்தேனோ என்று சந்தேகம் வந்தது. ஆகவே அறுநூறையும் ஒவ்வொன்றாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, ஆனால் யாருடைய பெயர் என்று தெரியும்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்னால் மறக்க முடியாதது.

விளம்பரங்களுக்கு நடுவில் எங்கள் லயம் கிடந்தது. ஒன்பதாம் வீட்டுப் பெண்ணைத் தையல் தொழிற்சாலை ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. தேதி போய் எட்டு மாதம். இரண்டாம் வீட்டுக்காரரின் சேமலாப நிதிப் பணத்துக்கு ஒரு கையொப்பம் குறைகிறது என்று எழுதியிருந்தார்கள். அவரோ அந்த ஆபீஸ்காரர்களைத் திட்டாத நாளில்லை. கத்தார்க்காரர் தன் சொந்த விலாசத்துக்குத் தானே நாலு மடல் எழுதியிருந்தார். போன் தொலைந்து எண்கள் எல்லாம் போய்விட்டனவாம். “யாராவது இதைத் திறந்தால் எங்கள் வீட்டுக் கூரைத்தகரம் மாற்றியாச்சா என்று எழுதுங்கள்” என்று கேட்டு, ஒட்டகத்தோடு நிற்கும் படமும் வைத்திருந்தார். ஒட்டகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

நாலாம் பக்கத்தில் என் பெயர்.

எல்ல ஊர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலைக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். விலாசம் என்று கேட்டபோது லயத்து மெயிலைக் கொடுத்தேன். பதிலே வரவில்லை. படிக்காதவன் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று இரண்டு வருடம் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் பத்தாவது நாளே எழுதியிருக்கிறார்கள். முதலாம் திகதி வாருங்கள், தங்க அறை உண்டு என்று எளிய தமிழில் இருந்தது. அந்த முதலாம் திகதி நான் கொழும்பு இரும்புக்கடையில் பில் அடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நானா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கிடைச்சிச்சா?” என்றார்.

“அவளோடது இல்ல நானா. என்னோடது கிடைச்சுது.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். என் கடிதத்தை அல்ல, வலது ஓரத்தில் இருக்கும் தேதிகளை. இன்பாக்ஸ், குப்பை இரண்டிலும் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“மூணு கிழமையா, இருபது நாளைக்கு மேல, உங்க லயத்துக்கு ஒரு விளம்பரம்கூட வரல்லயே! வீடு நெறஞ்ச நாளிலிருந்து ஒண்ணும் உள்ளுக்கு வரல்ல. அந்தப் பிள்ளையோட கடிதம் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கு. நீங்க அழிக்கவே இல்ல.”

என் தலையிலிருந்து ஒரு கொழுந்துக் கூடை இறங்கியதுபோல இருந்தது. ஆனால் மணி இரண்டே முக்கால்.

ஆபீசுக்கு போன் பண்ணினேன். எடுத்தது சிங்கள அம்மா ஒருவர். பேக்கரியில் கற்ற சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஆமாம், அந்தக் கடிதம் திரும்பி வந்துவிட்டது என்றார். இன்னொன்றும் சொன்னார். இதே விலாசத்தை மூன்று விண்ணப்பத்தில் பார்த்தாராம், அதுவும் ஓர் ஆண் பெயரில் இருக்கிறதாம், அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கொடுத்தால் உடனே அனுப்புகிறேன் என்றார். நாலு மணிக்குக் கதவை மூடிவிடுவார்களாம்.

நானாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். “ஒரு லயத்துக்கே ஒரு பல் பிரஷ்ஷா பாவிக்கிறீங்க?” என்று கேட்டுக்கொண்டே புது விலாசம் உண்டாக்கும் பக்கத்தைத் திறந்தார். பெயர், அடையாள அட்டை எண்ணை வைத்து நானா கண்டுபிடித்த பிறந்த தேதி எல்லாம் போட்டாயிற்று. அடுத்தது போன் எண். அந்த எண்ணுக்கு ஒரு ரகசிய இலக்கம் வரும், அதை இங்கே போட வேண்டும்.

“என் நம்பரைப் போடுங்க. நான் இங்கதானே இருக்கேன், சீக்கிரம் முடியும்.”

நானா கையை எடுத்துவிட்டார். “இந்த நம்பர் உங்ககிட்ட எத்தனை மாசமா இருக்கு?”

“மூணு மாசம்.”

“அதுக்கு முந்தி?”

சிம் மாற்றுவது எனக்குச் சட்டை மாற்றுவது மாதிரி.

“நாளைக்கு அந்தப் பிள்ளை பாஸ்வேர்ட் மறந்தா, இலக்கம் உங்களுக்கு வரும். உங்களை எங்க போய்த் தேடுறது? அவட மெயில், அவட போன்தான்.”

அவர் சொன்னது சரி. ஆனால் அவள் மலையில் இருக்கிறாள். பாறைக்கு வரவேண்டும்.

மூன்று ஐந்துக்குத்தான் போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். மழையும் பெண்களும். வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளையிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு, அவளோடு அவள் நிரையில் நின்ற ஐந்து பேரும் ஏறி வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்தேன். நானா பொத்தானை அழுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். மறுபடி அழைப்பு வந்தது.

“மெசேஜ் வந்துச்சா தங்கச்சி?”

“வந்திருக்குண்ணே. எனக்கு லொத்தர்ல பத்து லட்சம் விழுந்திருக்காம்.”

“அது பொய். அடுத்ததைப் பாரு.”

“ஏன் பொய்யின்னு சொல்றீங்க? அவளுக்கு விழக்கூடாதா?” என்று இன்னொரு குரல் பின்னாலிருந்து சண்டைக்கு வந்தது.

அடுத்த செய்தியைக் கண்டுபிடித்து, ஆறு பேரும் ஆறு இலக்கத்தை ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் எழுதி, நானா அடிப்பதற்குள் அந்த இலக்கத்தின் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் அனுப்பினோம். இரண்டாவது தடவை சிக்னல் விட்டுவிட்டு வந்தது, நாலு இலக்கத்தோடு அறுந்தது. மூன்று இருபது. கணக்குப்பிள்ளை கீழேயிருந்து கூப்பிடுவது எனக்கே கேட்டது. மூன்றாவது தடவை அவளை மட்டும் பேசச் சொன்னேன். ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். நானா அடித்தார். பக்கம் திறந்தது. திரையில் அவளுடைய முழுப்பெயர் வந்தது. வேறு யாருடைய பெயரும் இல்லை.

“தங்கச்சி, கேட்டுக்க. இந்த மாதிரி வர்ற இலக்கத்தை எவன் கேட்டாலும் சொல்லக்கூடாது” என்றேன், நானா சொல்லச் சொன்னபடி.

“அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் சொன்னோம்?” என்று அதே சண்டைக்காரக் குரல் கேட்டது. பாறையே சிரித்தது. நியாயமான கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை அவளே கடைக்கு வந்து கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஆபீசுக்குப் புது விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மூன்று முப்பத்தைந்துக்குக் கடிதம் வந்தது. காலியான பெட்டியில் தன்னந்தனியாக, கறுப்பு எழுத்தில். நான் அவசரத்தில் புது மடல் எழுதப் போனேன். நானா தடுத்து, வந்த கடிதத்துக்குக் கீழேயே வளைந்த அம்பை அழுத்திப் பதில் போடச் சொன்னார். அப்போதுதான் எதற்கான பதில் என்று அவர்களுக்குத் தெரியுமாம். பெயர், அடையாள அட்டை எண், பயிற்சிக்கு வருகிறேன் என்ற ஒரு வரி. அனுப்பும் முன் எண்ணைத் தாளோடு இரண்டு தரம் ஒப்பிட்டேன். வாழ்க்கையில் எதையும் நான் இரண்டு தரம் பார்த்ததில்லை.

மூன்று நாற்பத்தெட்டு. ஆபீஸ் அம்மாவுக்கு மறுபடி போன் பண்ணினேன். “வந்துவிட்டது, மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்” என்றார். மகள் இல்லை என்று திருத்த நேரமில்லை.

எழுந்தேன். நானா தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். “வெளியே வராமப் போறீங்களே. கடைக் கம்ப்யூட்டர்ல ஜன்னலை மூடினா மட்டும் போதாது, வெளியேறணும்.” பிறகு உலாவியில் ஞாபகம் வைத்திருந்த லயத்துக் கடவுச்சொல்லையும் அழிக்கவைத்தார். இனி இப்படிப்பட்ட இடத்தில், எதையும் ஞாபகம் வைக்காத தனி ஜன்னல் ஒன்றைத் திறந்து வேலை செய்யச் சொன்னார். குப்பையிலிருந்து எடுத்த மடல்களை நான் ஏற்கெனவே இன்பாக்சுக்குத் திருப்பிவிட்டு, இடம் காலியாக மிச்சக் குப்பையை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, வீட்டு எண் போட்டு அந்தக் கொப்பித் தாளின் பின்பக்கத்தில் குறித்திருந்தேன். கத்தார்க்காரருக்கு மட்டும் பதில் எழுதியிருந்தேன்: “தகரம் மாற்றியாச்சு. அம்மா சுகம். ஒட்டகத்தைக் கேட்டதாகச் சொல்லவும்.”

“எங்க போறீங்க?” என்றார் நானா.

“பதுளைக்கு. பேக்கரியில கேட்டுப் பாக்கணும்.”

“அறுநூறு மெயிலை எழும்பாமப் படிச்ச ஆளை நான் இப்பதான் பாக்குறேன். சனி ஞாயிறு தோட்டத்து ஆட்கள் வந்து குவியுறாங்க, என்னால தனியாச் சமாளிக்க முடியல்ல. எத்தனை நாளைக்கு நிப்பீங்க?”

“தெரியாது நானா.”

“அப்ப தெரியிற வரைக்கும் நில்லுங்க.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த மூலைக் கணினியின் முன் வேலைக்கு உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, ஆளுக்கொரு விலாசம் உண்டாக்கிக் கொடுப்பது. முதல் விலாசம் எனக்கு என்று நானா பிடிவாதமாக நின்றார். சிம்மை இனி மாற்றக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. உலகத்தில் யாரும் எனக்குப் பதில் போடவில்லை என்று இப்போதும் சில நாள் மனம் பழைய பாட்டைத் தொடங்கும். அப்போதெல்லாம் அந்த நாலாம் பக்கத்தை நினைத்துக்கொண்டு, நீ திறந்து பார்த்தாயா என்று முதலில் என்னைத்தான் கேட்கிறேன்.